பாய்லர் எலிமென்ட்டுக்கு நாமே செய்யும் பவர் கன்ட்ரோலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் மோட்டார் காயில் கட்டுவதும் பாய்லர், கெய்சர் பழுது பார்ப்பதும் என் தொழில். சாமான் தூக்கி வருகிறவர்களில் பாதிப் பேர் மலைக்கு மேலே இருப்பவர்கள். குமுளி டீக்கடைக்காரர்கள், வண்டிப்பெரியாறு, கட்டப்பனைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், வீட்டில் தைலம் வடித்துப் பார்க்க ஆசைப்படுகிற இளைஞர்கள். "ஹீட்டைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு பெட்டி செஞ்சுக்கலாமா அண்ணே?" என்பதில்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். செய்துகொள்ளலாம். ஆனால் இது 230 வோல்ட்டில் கை வைக்கிற வேலை. வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் படித்து விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள், கட்டுகிற வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பாய்லரில் தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது?

தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியும், கொதி தெரியாது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டால், 800 வாட் கொடுத்தாலும் 3000 வாட் கொடுத்தாலும் சூடு ஒரே இடத்தில்தான் நிற்கும். மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்பது மட்டும்தான் மாறும். ஒரு கிலோவாட் என்றால் மணிக்குச் சுமார் 1.6 லிட்டர், மூன்று கிலோவாட் என்றால் 4.8 லிட்டர். விறகடுப்பில் பால் பொங்கி வரும்போது ஒரு விறகை வெளியே இழுப்போமே, அந்த வேலை தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அடுப்பை அணைப்பதும் மறுபடி மூட்டுவதும்தான்.

குமுளியில் ஒரு டீக்கடை. கீழே சமவெளியில் வாங்கிய 20 லிட்டர் பாய்லர், 3 கிலோவாட் எலிமென்ட் (தண்ணீரைக் காய்ச்சுகிற கம்பிக்குழாய்). தெர்மோஸ்டாட்டை 98-இல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நிரப்பிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் பாதிக்கு மேல் காணாமல் போகிறது, ஓட்டை என்று சொல்லிப் பாய்லரையே கழற்றிக் கொண்டுவந்துவிட்டார் கடைக்காரர். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சொட்டுகூடக் கசியவில்லை. சரி, கடையிலேயே பார்த்துவிடலாம் என்று மேலே போனேன். உள்ளே நுழைந்ததும் பிஸ்கட் பாட்டில் மூடிகள் எல்லாம் ஈரமாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் தகரக் கூரையின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஓட்டையே இல்லை, எல்லாம் ஆவியாகப் போய்க் கூரையில் படிந்துகொண்டிருந்தது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குமுளி. அந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 98 வருவதற்குக் காத்திருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அது வரவே வராது. 3 கிலோவாட்டும் விடியக்காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. "அப்போ 94-இல் வைத்துவிட்டால்?" என்று கேட்டார். வைக்கலாம், வெட்டும். ஆனால் இந்தச் சாதாரண தெர்மோஸ்டாட் வெட்டிய பிறகு ஏழெட்டு டிகிரி இறங்கினால்தான் மறுபடி ஒட்டும். அந்த நேரத்தில் வருகிறவருக்கு டிக்காஷன் இறங்காத டீதான் கிடைக்கும். காலையில் முழு வேகம், கொதி வந்ததும் 700, 800 வாட் என்று ஒரு குமிழைத் திருப்பிக்கொள்வதுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

தைலம் வடிக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். மறையூர்ப் பக்கம் புல்தைலம் வடிப்பவர்கள் ஆவி எந்த வேகத்தில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருப்பார்கள். கரண்டில் வடித்தால் அந்தக் கைவேலையைக் குமிழ் செய்ய வேண்டும்.

ஃபேன் ரெகுலேட்டரை மாட்டினால் ஆகாதா?

ஆகாது. அது நூறு வாட் அளவிலான ஃபேனுக்குச் செய்தது, உங்கள் எலிமென்ட் 3000 வாட். உருகிப்போன ரெகுலேட்டர்கள் என் மேஜை டிராயரில் மூன்று கிடக்கின்றன, பார்க்க வேண்டுமானால் வாருங்கள்.

எலக்ட்ரானிக்ஸே இல்லாமல் முடியுமா?

முடியும். நிறையப் பேருக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான். 3 கிலோவாட்டுக்கு ஒரே எலிமென்ட் போடாமல், 1500 வாட்டில் இரண்டு போடுங்கள். இரண்டையும் பேரலலாகக் கொடுத்தால் 3000. ஒன்று மட்டும் என்றால் 1500. இரண்டையும் சீரிஸில் கோத்தால் 750. பழைய மின் அடுப்புகளில் மூன்று படி வைத்த திருகு சுவிட்ச் இருக்குமே, அதே வித்தைதான். 20 ஆம்பியர் தாங்குகிற ரோட்டரி சுவிட்ச் ஒன்று போதும். எரிந்துபோக டிரையாக் (கரண்டை வெட்டி வெட்டி விடுகிற எலக்ட்ரானிக் சுவிட்ச்) கிடையாது, ரேடியோவில் இரைச்சல் கிடையாது, பழுது வந்தால் யாரும் பார்த்துவிடலாம். டீக்கடைக்கு இந்த மூன்று படி தாராளம். மேலே சொன்ன குமுளிக் கடையில் இன்றைக்கும் ஓடுவது இதுதான். இடையிலும் நுணுக்கமாக வேண்டும் என்பவர்கள் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

சிலர் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பெரிய டயோடு ஒன்றை சீரிஸில் போட்டுப் பாதி பவராக்குவார்கள். பாதி அலை மட்டும் இழுக்கும் இத்தனை பெரிய லோடு லைனுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நல்லதில்லை, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற ஆர்.சி.சி.பி.யையும் குழப்பும். வேண்டாம்.

எத்தனை வாட் எலிமென்ட் வாங்கலாம்?

பத்து லிட்டரை 25 டிகிரியிலிருந்து 97-க்கு ஏற்ற ஏறக்குறைய 0.84 யூனிட் ஆகும். 3 கிலோவாட்டில் 17 நிமிடம், 2 கிலோவாட்டில் 25 நிமிடம், பாத்திரம் வெளியே விடுகிற சூட்டுக்கு இன்னும் இரண்டொரு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் கட்டாயம். மெயின் போர்டு தூரம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர். இதற்கு மேல் வாட் வேண்டுமென்றால் பிளக் வேலைக்கு ஆகாது, போர்டிலிருந்து நேராகத் தனி லைன் இழுக்க வேண்டும்.

3000 வாட் என்று எழுதியிருக்கிறது, சாயங்காலம் ஆனால் கொதிக்கவே மாட்டேன் என்கிறதே?

வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்கு 3000 வாட் என்றால் அந்த எலிமென்ட் 17.6 ஓம். வோல்டேஜ் குறைந்தால் பவர் அதன் வர்க்கத்தில் குறையும். 190 வோல்ட்டில் அதே எலிமென்ட் 2050 வாட்தான் தரும். நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் எஸ்டேட் வீடுகளில் இது சகஜம். தண்ணீரில் கரண்ட் எடுக்கிற லோயர் கேம்ப் பவர் ஹவுஸுக்கு இறங்குகிற ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வருகிறவர்கள்தான் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பார்கள், கொஞ்சம் சிரிப்புத்தான் வரும். கன்ட்ரோலரால் குறைக்க முடியும், கூட்ட முடியாது. லைனில் இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்?

டிரையாக், டயாக் போட்ட சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது?

மின் அலை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பூஜ்யத்திலிருந்து ஏறி இறங்குகிறது. குமிழைத் திருப்பி ஓமைக் கூட்டிக் குறைக்கிற பொட்டென்ஷியோமீட்டர் வழியாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நிரம்பும். அதில் சுமார் 32 வோல்ட் ஏறியதும் டி.பி. 3 டயாக் திறந்து டிரையாக்கைத் தட்டிவிடும். அந்த அரைச் சுற்றின் மிச்சம் மட்டும் எலிமென்ட்டுக்குப் போகும். குமிழைத் திருப்பினால் தட்டுகிற நேரம் தள்ளிப்போகும், பவர் குறையும்.

இதில் ஒரு வேடிக்கை. அரைச் சுற்றின் முதல் மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 80 சதவீதம் பவர் போய்க்கொண்டுதான் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கை வெட்டினால் 20 சதவீதம்தான் மிஞ்சும். அதாவது ஏற்ற இறக்கம் எல்லாம் நடுப்பகுதியிலேயே நடந்து முடிந்துவிடும். "குமிழ் சரியில்லை, பாதி வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை" என்று வருகிறவர்களின் குமிழில் குறையில்லை, அலையின் வடிவம் அப்படி. இன்னொன்று, வெட்டிய அலையைச் சாதாரண மல்டிமீட்டர் தப்பாகக் காட்டும். எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கிற ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் வேண்டும்.

டிரையாக்கில் பி.டி.ஏ. 41, 600 அல்லது 800 வோல்ட் ரகம் எடுங்கள். பி.டி.ஏ. என்றால் பின்தகடு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். பி.டி.பி. என்று ஆரம்பித்தால் தகட்டிலேயே மின்சாரம் இருக்கும், அதை அப்படியே சூட்டை வெளியே விடுகிற ஹீட் சிங்க்கில் முடுக்கினால் ஹீட் சிங்க்கும் ஷாக் அடிக்கும். ஓர் எழுத்துதான் வித்தியாசம், கடையில் இரண்டையும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

போட்டதிலிருந்து ரேடியோவில் ஒரே இரைச்சல், ஏன்?

ஒவ்வொரு அரைச் சுற்றிலும், அதாவது விநாடிக்கு நூறு முறை, அலையின் நடுவில் திடீரென்று 18 ஆம்பியர் வரை இழுத்தால் இரையாமல் என்ன செய்யும்? தண்ணீர் காய்ச்ச இந்த நுணுக்க வெட்டு தேவையே இல்லை. பல்புக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் துடிக்கும். பத்து லிட்டர் தண்ணீரோ ஒரு விநாடி கரண்ட் வந்து ஒரு விநாடி நின்றதைக் கவனிக்கவே கவனிக்காது. அதனால் முழு அலைகளை அப்படியே விட்டு, அப்படியே நிறுத்துகிற முறைதான் எலிமென்ட்டுக்குப் பொருத்தம். ஒன்றரை விநாடியில் 75 சுற்று வரும். அதில் 25-ஐ மட்டும் விட்டால் மூன்றில் ஒரு பங்கு பவர். அலை பூஜ்யத்தைத் தொடும்போது மட்டுமே திறக்கிற சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) இதற்கென்றே கிடைக்கிறது. குமிழும் ஒரே சீராக வேலை செய்யும், பாதி திருப்பினால் பாதி பவர். பலவீனமான லைனில் பல்பு லேசாக மினுக்கும், அது ஒன்றுதான் குறை.

அந்த முறையில் எப்படிக் கட்டுவது?

மூளைக்கு 555 என்கிற டைமர் ஐ.சி. ஒன்று போதும். ஆர்டுயினோ (புரோகிராம் எழுதிப் போடுகிற சின்ன போர்டு) வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்தவர்கள் போடுங்கள். 12 வோல்ட் அடாப்டர் ஒன்று, 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டு 1என்4148 டயோடு. ஒரு டயோடு நிரம்புகிற வழிக்கு, இன்னொன்று வடிகிற வழிக்கு. குமிழின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு பங்காகப் பிரிந்துகொள்வதால் மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றரை விநாடியிலேயே நிற்கும், ஆன் நேரமும் ஆஃப் நேரமும் மட்டும் மாறும். குமிழ் கடைசி வரை போனாலும் ஐ.சி. தப்பிக்க, 12 வோல்ட்டுக்கும் ஏழாவது காலுக்கும் நடுவில் ஒரு 1 கிலோ ஓம் போடுங்கள். மூன்றாவது காலிலிருந்து வருவதை நேராக ரிலேயின் 3-32 வோல்ட் முனையில் கொடுத்துவிடலாம். ஒரு எல்.இ.டி.யையும் கூடவே வைத்தால் துடிப்பைக் கண்ணால் பார்க்கலாம்.

பவர் பக்கத்தில் வரிசை முக்கியம். லோடு மீறினால் இரண்டு முனையையும் வெட்டுகிற டபுள் போல் எம்.சி.பி. முதலில், அப்புறம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அப்புறம் சூடு மீறினால் வெட்டுகிற கட்-அவுட், அப்புறம் ரிலே, கடைசியில் எலிமென்ட். ரிலே ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும், நியூட்ரலில் அல்ல. பாய்லர் உடம்பு, ஹீட் சிங்க், இரும்புப் பெட்டி மூன்றுக்கும் எர்த் போக வேண்டும், அதுவும் எங்கும் சுவிட்ச் வழியாகப் போகாமல். ரிலேயில் 25 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் 13 ஆம்பியருக்கு 40-ஐ வாங்குங்கள். மேலே 40 என்று அச்சடித்து உள்ளே சின்ன டிரையாக் வைத்த போலிகள் சந்தையில் சுற்றுகின்றன.

ஹீட் சிங்க் எவ்வளவு பெரியது வேண்டும்?

ரிலேயில் சுமார் 1.2 வோல்ட் தங்கும். 13 ஆம்பியரால் பெருக்கினால் 16 வாட் சூடு, ஈயம் பற்றவைக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. உள்ளங்கை அகலத் தகடு போதாது. பழைய கம்ப்யூட்டர் பிராசசரின் மேல் இருக்குமே, செதில் செதிலாக, அந்த மாதிரி ஒன்று, வெள்ளைப் பசை தடவி. செதில் பெட்டிக்கு வெளியே, நிமிர்ந்த வாக்கில் இருக்க வேண்டும். பாய்லர் ஆவி மேலே வந்து படுகிற இடத்தில் பெட்டியை மாட்டாதீர்கள்.

எல்லாம் சரியாகத்தான் கட்டினேன், ஒரு மாதத்தில் கருகிவிட்டது. ரிலே மோசமா?

பத்தில் எட்டுக்கு ரிலே காரணமே இல்லை, திருகுதான். நானே செய்துகொடுத்த ஒரு பெட்டி திரும்பி வந்தது. திறந்தேன், மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை. பிளாஸ்டிக் டெர்மினல் பிளாக்கில் ஒரு துளை மட்டும் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. வயரின் செம்பு நீலம் கலந்த கறுப்பு. திருகில் டிரைவரை வைத்தேன், கால் சுற்று சும்மா சுற்றியது. பல இழை வயரை லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்துகிற செம்புத் துண்டு) போடாமல் ஈயம் பூசித் திருகியிருக்கிறேன். ஈயம் இளகும், சூட்டில் அமுங்கும், திருகு தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். தப்பு என் மேல்தான். அன்றிலிருந்து செம்பு லக், கிரிம்ப்பிங் பிளையர், ஒரு வாரம் ஓடிய பிறகு சப்ளையை நிறுத்திவிட்டு எல்லாத் திருகையும் மறுபடி ஒரு முடுக்கு. டெர்மினலும் பீங்கானில்தான் போடுகிறேன்.

மழைக்காலம் முடிந்து போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. கன்ட்ரோலர் லீக்கா?

எலிமென்ட்டைக் கழற்றிப் பாருங்கள். குழாய்க்குள் காயிலைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். ஆடி மழை முழுக்கப் பூட்டிக் கிடந்த ஹோம்ஸ்டேயில் இது வழக்கம். இரண்டு நாள் நல்ல வெயில், இல்லையென்றால் அடுப்பு ஓரம் வைத்துக் காயவிடுங்கள். அப்புறம் இன்சுலேஷனை அளக்கிற மெக்கரில் பாருங்கள், ஓம் மேலே ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் குழாயில் மயிரிழை வெடிப்பு, மாற்ற வேண்டியதுதான். எக்காரணம் கொண்டும் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக ஜம்பர் போட்டு ஓட்டாதீர்கள். ஈரத் தரை, செருப்பில்லாத கால், ஸ்டீல் டம்ளர் எல்லாம் ஒன்றாக இருக்கிற இடம் டீக்கடை.

குமிழை முழுக்கக் குறைத்தும் டெஸ்டர் எரிகிறதே?

எரியும். சாலிட் ஸ்டேட் ரிலே ஆஃபில் இருந்தாலும் சில மில்லி ஆம்பியர் கசியும். அதை சுவிட்சாக நம்பி எலிமென்ட்டில் கை வைக்கக் கூடாது. எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான்.

இதைவிடப் பெரிய விஷயம், இந்த ரிலே கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். குமிழ் பூஜ்யத்தில் இருக்கும், எலிமென்ட் முழு வேகத்தில் ஓடும். தண்ணீர் வற்றினால் சில நிமிடங்களில் எலிமென்ட் பழுக்கும். அதற்குத்தான் தனியாக ஒரு கட்-அவுட், கையால் ரீசெட் செய்கிற ரகம், எலிமென்ட் இருக்கிற மட்டத்தில் பாத்திரச் சுவரை ஒட்டி. கெய்சருக்கான கட்-அவுட் 100 டிகிரிக்குக் கீழேயே வெட்டிவிடும், கொதிக்கிற பாய்லருக்கு உதவாது. 110-120 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள்.

மூடியை இறுக்கி ஸ்டீம் எடுக்கலாமா?

கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். 1923-லேயே பாய்லருக்கென்று தனிச் சட்டம் போட்ட நாடு இது, சும்மா போடவில்லை. இங்கே சொன்னது எல்லாம் வாய் திறந்த பாத்திரத்துக்கு. தைலம் வடிக்கிறவர்களும் ஆவி போகிற குழாயில் வால்வு வைக்காதீர்கள்.

கரண்ட் பில் குறையுமா?

கொதிக்க வைக்கிற செலவு குறையாது. 17 நிமிடத்தில் காய்ச்சினாலும் அரை மணியில் காய்ச்சினாலும் யூனிட் ஏறக்குறைய அதேதான். வீணாக ஆவியாகிற செலவு குறையும். நாள் முழுக்கக் கொதி நிற்கிற கடைக்கு அது கணிசம். பாத்திரத்தைச் சுற்றிக் கண்ணாடி இழைப் போர்வை சுற்றினால் இன்னும் குறையும்.

ஃபோனிலிருந்து இயக்குகிற மாதிரி செய்யலாமா?

முடியும், நான் செய்து தருவதில்லை. காலையில் படுக்கையிலிருந்தே ஆன் செய்கிறவருக்கு முந்தின ராத்திரி பையன் தண்ணீர் ஊற்றினானா என்று தெரியாது. பாய்லரின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கும். சுவிட்சைப் போடுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து அது தெரிய வேண்டும். பெட்டியைப் பின்சுவரில் மாட்டாமல் குழாய் இருக்கிற பக்கத்திலேயே, ஆவி படாத தூரத்தில், நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள்.